அன்பரசனுக்கு வயது இருபது

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

லீவு. துணி துவைத்துப் போட்டுவிட்டு ஊருக்குக் கூப்பிட்டேன். ஜோதிமணி எடுத்ததுமே, “பன்னண்டாந் தேதி வருதுல்ல, பஸ் ஸ்டாண்டு முக்குல பந்தல் போடணும்” என்றாள். புருஷன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை இல்லை.

அன்பரசனும் சேதுராமனும் போய்ப் பதினாறு வருடம். இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லிக் கல்லூரியிலிருந்து ஊர்வலம் போனோம். போலீஸ் தடியடியில் இரண்டு பேரும் செத்தார்கள். நானும் அதே வரிசையில்தான் நடந்தேன். எனக்குக் கை முறிந்தது. முறிந்த கைக்கு யார் பந்தல் போடுவார்கள்?

அன்பரசன், ஜோதி விரும்பியவன். தெரிந்துதான் கட்டினேன்.

பிப்ரவரி 5

அவனுக்கு இன்னும் இருபது வயது. தொப்பை இல்லை, நரை இல்லை, பொண்டாட்டியோடு ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்லை. நான் துபாயில் அல் கூஸ் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன். அவனோடு எப்படிப் போட்டி போடுவது?

செத்தவன் மேல் பொறாமை. த்தூ! ஆனாலும் வயிறு எரியுதே, என்ன செய்ய?

பிப்ரவரி 8

வீரபாண்டி ஃப்ளெக்ஸுக்குப் படம் கேட்டான். எங்களோடு படித்தவன், வருடாவருடம் அஞ்சலி நடத்துகிறவன். அவர்கள் இருவரின் தனிப்படம் என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றே மூன்று பேரும் தோளில் கை போட்டு நிற்கும் படத்தை அனுப்பினேன். நடுவில் நான். ஒரு தடவையாவது ஜோதி என்னையும் பார்க்கட்டும்.

பிப்ரவரி 12

காலையிலிருந்து ஃபோன் ஓயவில்லை. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் மூன்று முகத்தையும் வெட்டி வரிசையாக வைத்து, கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அடித்துவிட்டானாம்!

பக்கத்துக் கட்டில் ரிபாய், கீழக்கரைக்காரர், “என்ன மாப்ள, நீ மவுத்தாயிட்டியாமே! அப்ப இன்னிக்கு டூட்டிக்கு யாரு போறது?” என்றார். ரூமே சிரித்தது. எனக்கும் சிரிப்புத்தான். உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம்கூட. எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள்!

ஜோதி மட்டும் ஃபோனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 13

வீரபாண்டி சொன்னான். விளக்கு ஏற்ற வந்த ஜோதி ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் டீக்கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பூக்காரம்மாவின் கத்தரியால் என் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தாளாம். “உசுரோட இருக்குற மனுசனுக்கு மாலையாடா போடுறீங்க? நாசமாப் போறவங்களா!” விளக்கு ஏற்றாமலே போய்விட்டாள்.

சாயங்காலம் எடுத்தாள்.

“படம் அனுப்புனது நீங்கதான?”

ஆமாம் என்றேன். ஏன் அனுப்பினேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

“ஒருத்தனத்தான் வருசா வருசம் ஃப்ளெக்ஸுல பாக்குறேன். உங்களையும் அதுல பாக்கச் சொல்றீங்களா? எனக்குத் தெம்பில்லங்க.”

வைத்துவிட்டாள்.

அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான்?

பிப்ரவரி 16, ஞாயிறு

அன்பரசன் பேச்சை முதல்முறையாக நானே எடுத்தேன். ஊர்வலத்தில் அவன் செருப்பு வார் அறுந்துபோனதைச் சொன்னேன். ஒற்றைச் செருப்போடு நடந்தான். ஒரு கோஷம் போடுவான், அடுத்து அந்தச் செருப்பை விற்றவனை ஒரு வசவு வைவான், திரும்ப கோஷம். ஜோதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இத ஏன் இத்தன நாளாச் சொல்லல?”

பிறகு அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.