சுண்டுவிரல் விழிக்கும்வரை

பிப்ரவரி 9
ஈப்போவில் மழை. என் கணவர் பாலனின் வலது மணிக்கட்டுத் தையல் ஆறிவிட்டது. போன மாதம் பட்டறையில் கண்ணாடி உடைந்து கிழித்த இடம். அறுந்த நரம்பை டாக்டர் இணைத்துவிட்டார். சுண்டுவிரலில் மட்டும் உணர்ச்சியே இல்லை. வெல்டிங் வேலை செய்கிறவருக்குச் சுடுவது தெரியாவிட்டால் எப்படி?

பிப்ரவரி 15
சாப்பிடும்போது கேட்டார்: "உங்க லேப்ல நரம்பு வளக்கறீங்களே தாட்சா, எப்படி வளருது?"

சொன்னேன். வளர்ச்சிக் காரணி என்றொரு புரதம். அது நரம்பு செல்லின் மேற்பரப்பில் ஒட்டியதும் சேதி உள்ளே உட்கருவரை போகும். அங்கே சும்மா கிடக்கும் சில மரபணுக்கள் விழிக்கும். அவை விழித்தால்தான் நரம்பு நார் நீளும்.

"அப்ப வாசல்ல ஆள் வந்து கூப்பிடுது. உள்ள இருக்கறவன் எந்திரிக்கணும்."

"அதேதான்."

"என் கையில யாரு கூப்பிடறது?"

"நரம்பைச் சுத்தி இருக்கற செல்லுங்களே கூப்பிடும். மெதுவாத்தான் வளரும்."

"கூப்பிடட்டும் லா," என்று இன்னொரு தோசை கேட்டார்.

மார்ச் 3
தினமும் மாலையில் அவர் கண்ணை மூடிக்கொள்ள, பஞ்சால் விரலைத் தொடுகிறேன். இன்று "தெரியுது" என்றார்! தெரியுதாமே!

மார்ச் 4
பொய். இன்று நான் தொடவே இல்லை, அப்போதும் "தெரியுது" என்கிறார். ஏன் இப்படிப் பண்ணணும்?

"நீ மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறத பாக்க முடியல," என்றார்.

கோபத்தோடு படுத்தேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

ஏப்ரல் 21
ஆய்வகத்தில் மரபணுக்கள் விழிப்பதைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துப் பார்த்தோம். காரணி தாராளமாக இருந்தும் செல்கள் உருண்டையாகவே கிடந்தன. ஒரு நார்கூட இல்லை. எதிர்பார்த்த முடிவு; என்னோடு வேலை செய்யும் விமலா அக்காவுக்குச் சந்தோஷம். எனக்கு ஒரே கேள்விதான் — பாலன் கையிலும் கூப்பிட்டும் எதுவும் எழாமல் போனால்?

வீட்டில் அழுதுவிட்டேன். பாலன் இடதுகையால் மைலோ பானம் கலக்கி, பாதியைச் சிந்திக்கொண்டு வந்தார்.

"குடி. மிச்சத்த நாளைக்கு அழலாம்."

மே 30
இன்னும் இல்லை.

ஜூலை 12
சிம்பாங் பூலாய் போகும் வழியில், பழைய ரப்பர் தோட்டத்துப் பக்கம் முள்தோல் டுரியான் பழக் கடை. குனிந்து ஒன்றைத் தூக்கிய பாலன் "ஆ!" என்று கீழே போட்டார். கடைக்காரர் முறைத்தார்.

"தாட்சா, முள்ளு குத்துது லா. சுண்டுவிரல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா!" கண்ணில் தண்ணீர்.

விழுந்த பழத்தையே வாங்கினோம். ஈப்போ வரும்வரை "வலிக்குது, வலிக்குது" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.