நான் தேய்த்த ஒரு முழம்

அன்புள்ள என் தையல்காரருக்கு,

நான் நலம். வேளைக்குச் சாப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“ஆறு மாசம் முடியப் போகுது, எப்ப கிளம்புற? அந்தக் காட்டுல அப்படி என்னதான் இருக்கு?” என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். இரண்டாவதற்குப் பதில் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

இந்த மலைக்காட்டில் இதுவரை யாரும் கோடரி வைத்ததில்லையாம். விழுந்த மரத்தைக்கூட நகர்த்தக் கூடாது. பாதையின் குறுக்கே மரம் சாய்ந்தால் மரத்தை வெட்ட மாட்டோம், பாதையைத்தான் வளைப்போம். அந்தப் பாதை வேலைதான் எனக்கு. வந்த புதிதில் என் கை சும்மா இருக்குமா? ஓரமாகக் கிடந்த பெரிய மரம் ஒன்றில் பச்சைப் பசேலென்று பாசி. பார்க்கிறவர்கள் என்னைத்தானே குறை சொல்வார்கள் என்று துடைப்பத்தால் ஒரு முழத்துக்குச் சுத்தமாகத் தேய்த்துவிட்டேன். இங்கே வனக்காவலராக இருக்கும் பெண் ஓடி வந்து, “ஐயோ, என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் பாசிக்குள் நகக்கண் அளவில் மரக்கன்றுகள் முளைத்திருந்தனவாம். தரையில் விழும் விதை பெரும்பாலும் சருகுக்குள் அமுங்கிப்போகுமாம். செத்த மரத்தின் முதுகில் விழுந்தால்தான் பிழைக்குமாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த மரம் என்னை விடவில்லை. வேலை முடிந்ததும் போய்க் குனிந்து பார்க்கிறேன். நான் தேய்த்த இடம் மொட்டையாகவே கிடந்தது. போன வாரம் அதன் விளிம்பில் பச்சையாக ஏதோ படர ஆரம்பித்திருக்கிறது. பாசியா, வேறு ஏதாவதா? அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை. அதில் மறுபடி கன்று வருமா? வந்தால் எந்த மரத்தின் கன்று? இது தெரியாமல் எப்படிக் கிளம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

இன்னும் ஒரு வருடம் இருக்கிறாயா என்று இங்கே கேட்கிறார்கள். மாதம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். எனக்கு ஆசைதான், மறைக்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இல்லாததும் வலிக்கத்தான் செய்கிறது. இரண்டும் உண்மை, என்ன செய்ய?

கடையை நாலு நாள் பூட்டிவிட்டு வாருங்கள். என் பக்கத்தில் குனிந்து ஒருமுறை பாருங்கள். பார்த்த பிறகு நீங்கள் ‘கிளம்பு’ என்றால், மறுபேச்சு இல்லாமல் பெட்டியைக் கட்டுகிறேன். பார்க்காமல் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி