நாற்பத்திரண்டாம் எண் டப்பா

வெம்பக்கோட்டை
தை 8, புதன்

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி எழுதுகிறேன். கடிதம் எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கையில் போன் இருக்கும்போது, லீவு முடிந்து திரும்பும் ஜெய்லானி அண்ணன் பெட்டியில் சேவுப் பொட்டலத்தோடு கடிதத்தையும் திணித்து மஸ்கட்டுக்கு அனுப்புகிறாளே என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் போன் என் கைக்கு வந்ததும் 'வேற என்னத்தா?' என்று கேட்கிறீர்கள். ஒன்றுமில்லை என்று கொடுத்துவிடுகிறேன். அப்போது சொல்லாமல் விட்டதைத்தான் இதில் எழுதுகிறேன்.

இந்த வருஷம் மழை பரவாயில்லை. அணையில் தண்ணீர் இருக்கிறது. தை பிறந்தும் வைப்பாற்று மணல் காயவில்லை. பின்வீட்டு வள்ளித்தாய் அக்காவின் பாப்பா பிரீத்திகாவைப் பால்வாடியில் சேர்த்துவிட்டார்கள். உங்கள் சைக்கிளைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அம்மா இப்போது பட்டாசு வேலைக்குப் போவதில்லை. சீசன் லீவு என்று உங்களிடம் சொன்னது பொய். கார்த்திகைக் கடைசியில் ஏழாயிரம்பண்ணை கம்பெனியில் திரித் தட்டோடு தலைசுற்றி விழுந்துவிட்டாள். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் வரக் கூடாது என்று ஃபோர்மேன் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார். வெடிமருந்து புழங்கும் இடத்தில் இன்னொரு முறை விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டது நியாயம்தான்.

ரத்தம் பன்னிரண்டு இருக்க வேண்டியது, ஆறுகூட இல்லை. ஐந்து வாரமாக இரும்பு மாத்திரை சாப்பிடுகிறாள், ஏறவில்லை. குழாயடியிலிருந்து குடத்தோடு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறாள். மடியில் பச்சரிசி கட்டிவைத்துக்கொண்டு யாரும் பார்க்காதபோது மெல்லுகிறாள். ரத்தம் குறைந்தால் அப்படித் தின்னத் தோன்றும். ரத்தம் எங்கே போகிறது என்று தெரியவேண்டும், மலம் சோதிக்கக் கொடுங்கள் என்றார் டாக்டர். என் வேலை குறுக்கே வந்தது அங்கேதான்.

உங்களிடம் லேப் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன். அம்மா தெருவில் 'சாத்தூர்ல ஆபீசு' என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஆற்றங்கரை ஊர்களில் வீடுவீடாகப் போய் எண் ஒட்டிய டப்பாக்களைக் கொடுத்து, மறுநாள் காலையில் மலத்தோடு திரும்ப வாங்கி, மைக்ராஸ்கோப்பில் புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒரு கல்லூரி நடத்தும் ஆய்வு. வேலை எனக்குப் பிடித்திருக்கிறது அண்ணே. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வருவதுதான் பழகவில்லை. பிள்ளைகள் 'டப்பாக்கா வருது' என்று கத்திக்கொண்டு ஓடுகின்றன. டீக்கடை சங்கிலிமுத்து மாமாவுக்குப் புழு இருந்தது. மாத்திரை கொடுத்துச் சரியாகிவிட்டது. அதிலிருந்து என்னைக் கண்டால் பாய்லருக்குப் பின்னால் குனிந்துகொள்கிறார். எதையும் நான் வெளியே சொல்வதில்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியுமே. மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

போன வாரம் நம் தெருவின் முறை. அந்த முடிவையே கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். பிரீத்திகாவுக்கு நாற்பத்தொன்று, அம்மாவுக்கு நாற்பத்திரண்டு. அம்மா மறுபேச்சு இல்லாமல் கொடுத்ததே எனக்கு ஆச்சரியம். பார்த்தால் இரண்டிலும் ஒரே மாதிரி நாக்குப்பூச்சி முட்டை, அதே தக்காளித் தோல், அதே கடலைப் பருப்பு. நம் வீட்டில் முந்தின நாள் தக்காளியே இல்லை. வள்ளித்தாய் அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். 'உங்கம்மாதான் வந்து கேட்டாக. பிள்ள போனதுல பாதியத் தாரியான்னாக. பாதி என்ன மதினி, முழுசா எடுத்துட்டுப் போங்கன்னேன்' என்றாள்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் மெதுவாகத்தான் கேட்டேன். 'ஒன்ன காலேசுக்கு அனுப்புனது எதுக்கு, எம் பீயப் பாக்கவா?' என்று கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். நான் பார்க்க மாட்டேன், இன்னொரு லேப்பில் கொடுப்போம் என்றேன். 'வெளியாளு பாக்கவா, அதுக்கு நீயே தேவல' என்றாள். தேவலை என்றாளே தவிர டப்பாவைத் தொடவில்லை. டாக்டர் கொடுத்த புழு மாத்திரையையும் தின்றதாகத்தான் சொன்னாள். அது அரிசிப் பானைக்குள் அப்படியே கிடந்தது.

எனக்குக் கொக்கிப்புழு என்றுதான் படுகிறது. அது வாய் வழியாக வருவதில்லை. ஈர மணலில் பொரித்து, வெறுங்கால் தோலைத் துளைத்து ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். செருப்பு உரசி மருந்தில் தீப்பிடிக்கும் என்று கம்பெனி வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள் இல்லையா? திரும்பி வரும்போது ஜோடி மாறியிருக்கும், சமயத்தில் காணாமலும் போயிருக்கும். அதனால் அம்மாவோடு வேனில் போகும் பெண்கள் யாருமே இப்போது செருப்புப் போடுவதில்லை. அங்கன போய்க் கழட்டத்தானே போறோம் என்று வெறுங்காலோடு கிளம்புகிறார்கள். நம் வீட்டுக் கக்கூஸில் இன்னும் விறகுதான் அடுக்கியிருக்கிறது. விடியுமுன் எல்லாரும் ஆற்றுக்குள் கருவேலம் புதருக்குப் போய்விட்டு, அதே மணலில் நடந்து வந்து வேன் ஏறுகிறார்கள். இத்தனை வருஷம் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் தோன்றவில்லை.

நோட்டில் நாற்பத்திரண்டாம் எண்ணுக்கு நேரே இன்னும் எதுவும் எழுதவில்லை. பாப்பாவுடையதை அம்மாவுடையது என்று எழுதினால், இதனால் ரத்தம் இவ்வளவு குறையாது, வயிற்றில் வேறு ஏதோ கோளாறு என்று மதுரைக்கு அனுப்புவார்கள். குழாய் விட்டுப் பார்ப்பார்கள். அவ்வளவு தூரம் போகிற தெம்பு அவளிடம் இல்லை. நடந்ததை டாக்டரிடம் சொன்னால் ஆஸ்பத்திரியில் நாலு பேர் முன்னால் அம்மாவை அதட்டுவார். அப்புறம் அவள் அந்தப் பக்கமே வரமாட்டாள். அடுத்த புதன்கிழமை அவரைப் பார்க்க வேண்டும். நாங்கள் இரண்டே பேர் இருக்கும் வீட்டில் இப்போது பேச்சே குறைந்துவிட்டது. அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

ஜெய்லானி அண்ணன் நாளைக்குக் கிளம்புகிறார். வெள்ளிக்கிழமை இது உங்கள் கையில் இருக்கும். இதுவரை எழுதியதெல்லாம் ஒரு விஷயம் கேட்பதற்காகத்தான். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணே, இரண்டு வருஷம் முன்பு வரை நீங்களும் அந்த மணலில்தான் நடந்தீர்கள். அந்தப் புழு வருஷக்கணக்கில் உள்ளேயே இருக்கும். பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்து, வெயில் படாம எம் பிள்ள நிறமாயிட்டான் என்று அம்மா தெரு முழுக்கக் காட்டினாள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். உதடு வெளுத்திருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?

உங்கள் கம்பெனி டாக்டரிடம் ஒரு டப்பா கேட்டு வாங்குங்கள். சனிக்கிழமை காலையில் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அதை அம்மாவிடம் சொல்லுங்கள். என்னைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். நான் கொடுத்துட்டேன்மா, நீயும் குடு என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் சொல்லை அவள் தட்டமாட்டாள்.

உங்கள் தங்கை,
மாரிச்செல்வி