மெஷின் சொன்ன மருந்து

அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்,

வீடியோவில் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் எழுதுகிறேன். உங்கள் உம்மாவுக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை. மருந்தை மாற்றியிருக்கிறார்கள்.

கிருமியை எந்த மருந்து கொல்லும் என்று எங்கள் ஆஸ்பத்திரி லெப் மெஷின் சொன்னாலும், பொல்லாத கிருமியென்றால் தட்டிலும் மருந்து வில்லை வைத்து வளர்த்துப் பார்த்த பிறகே முடிவு கொடுப்போம். அதற்கு இன்னொரு நாள் வேண்டும். மாமி என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. மெஷின் சொன்னதையே ரிப்போட்டாகக் கொடுத்துவிட்டேன். மறுநாள் தட்டில், அந்த மருந்து வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தது; அந்த மருந்து அதைக் கொல்லாது.

டொக்டரிடம் உடனே சொன்னேன். மாமியிடம் சொல்லவில்லை.

“என்ட மருமகள்தான் ரிப்போட்டக் கெதியா, ஒரு நாள் முந்தியே எடுத்துத் தந்தா” என்று வார்ட்டில் மாமி பெருமையாகச் சொல்ல, பக்கத்துக் கட்டில் பெண் என் கையைப் பிடித்தார்.

“எனக்கும் அப்பிடி எடுத்துத் தாங்க மகள்.”

உங்கள் மனைவி