நைனாவின் சீட்டை நிமிர்த்திய கதை

சிங்கவரம்,
வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வளர்மதிக்கு உன் அம்மா எழுதுவது. மலைமேல் படுத்திருக்கும் ரங்கநாதர் தயவில் நானும் உன் நைனாவும் இங்கே நன்றாகவே இருக்கிறோம், டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு வேறென்ன வேண்டும். தினம்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் அடித்தாலே உன் நைனா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன பேசுவது? ஜெயமாலா அக்கா மகன் ஸ்ரேயாம்ஸ் படிக்க உங்கள் ஊருக்கே வருகிறான் என்று கேள்விப்பட்டதும், வேர்க்கடலைப் பொடியோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பொடியைக் காற்றுப் படாமல் மூடி வை. அந்தக் குளிரில் ராத்திரி டியூட்டி முடிந்து வரும்போது தலையில் துணி கட்டாமல் வராதே, நர்சுக்கே புத்தி சொல்கிறாளே என்று சிரித்தாலும் பரவாயில்லை.

கார்த்திகையில் உன் நைனாவுக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டபோது நீ வந்து பார்த்துவிட்டுப் போனாய் அல்லவா, அதற்குப் பிறகு நடையெல்லாம் தேறிவிட்டது, கம்பு ஊன்றிக் கொல்லைவரைக்கும் போய்வருகிறார். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. வீட்டிலேயே முடங்கினால் மனசும் முடங்கிவிடும், நாலு பேரைப் பார்க்கட்டும் என்று டாக்டர் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டார். பஸ் படி ஏற முடியாது. ஆட்டோவைக் கூப்பிட்டால் 'புடிச்சி ஏத்தி புடிச்சி இறக்குறதுக்கு நான் இன்னா மூட்டையா' என்று ஒரு கத்து. நாளெல்லாம் டிவி முன்னால் நாற்காலி, பேச்சே குறைந்துபோயிற்று. குழம்பில் உப்பு இல்லை என்று என்னைத் திட்டுவதைக்கூட விட்டுவிட்டார், அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. இந்த மனுஷனை இப்படியே விட்டால் கையை விட்டுப் போய்விடுவார் என்று தோன்றியது. அதனால்தான் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய், லைசென்ஸ் போட்டோவைப் பார்த்ததும்தான் வாயை மூடினாய். ஆனால் நம் காரை என்னால் ஓட்ட முடியவில்லை என்பதை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை.

காரணம் அந்த டிரைவர் சீட்டு. உன் நைனாவைத்தான் தெரியுமே, அந்த உடம்பை முழுக்க வலதுபக்கம் சாய்த்து முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார். இத்தனை வருஷத்தில் சீட்டும் அப்படியே கதவுப் பக்கம் சாய்ந்து பள்ளம் விழுந்துவிட்டது. என் உயரத்துக்கு அதில் உட்கார்ந்தால் ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கிய மாட்டுவண்டியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. முதல்முறை எடுத்துக்கொண்டு போனபோது செஞ்சி ரோட்டு வளைவில் ஒரு எருமை குறுக்கே வந்துவிட்டது, பிரேக்கை மிதித்தேன் பார், சீட்டு என்னைக் கதவோடு கொண்டுபோய்ச் சாய்த்தது, கால் பிரேக்கை விட்டு வழுக்கிவிட்டது. எருமை பெரிய மனசு பண்ணி நகர்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து சீட்டைச் சரிசெய்யாமல் இனி தொடமாட்டேன் என்றேன். உன் நைனா 'சீட்டு நல்லாத்தான் இருக்குது, நீதான் கோணலா உக்கார்ற' என்று சாதித்தார். நான் விடவில்லை என்றதும், வெல்டிங் எல்லாம் வேண்டாம், சாய்ந்த பக்கம் கோணியை மடித்துச் செருகினால் போதும் என்று அவரே ஒரு வைத்தியம் சொன்னார்.

சரி, அவர் வாய் திறந்து ஒரு யோசனை சொன்னாரே என்ற சந்தோஷத்தில் செய்தேன். நல்ல கனமான கோணியாக வேண்டும் என்று விதைக்கடலை கட்டிவைத்திருந்த கோணியையே எடுத்துக்கொடுத்தார். உதறித்தான் செருகினேன், ஆனால் மூலைத் தையலில் கடலை மாட்டிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? எலிகளுக்குத் தெரிந்தது. கடலையைத் தின்றது போதாதென்று ஒயரையும் கடித்து வைத்திருக்கின்றன, ஒருநாள் விடியற்காலையில் ஆளில்லாத கார் தானாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தது, நிறுத்தத் தெரியாமல் நான் வாசலில் குதிக்கிறேன், தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு நாகம்மாள், யாரோ உள்ளே மயங்கி ஹாரன்மேல் விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணிக் குடத்தோடு ஓடிவந்தாள். வயசு காலத்தில் கடலை விவசாயிக்குக் கோணியின் குணம் மறந்துபோயிற்றா என்று நான் கேட்டதற்கு உன் நைனா சிரித்தார் வளர்மதி, கார்த்திகைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

அந்தச் சூட்டோடு டிரைவிங் ஸ்கூல் முருகையனை வரச்சொன்னேன். அவர் வந்து ஒயரையெல்லாம் ஒட்டி, நாலு போல்ட்டையும் கழற்றி, சீட்டை வாசலில் வேப்பமரத்தடியில் இறக்கினார். வெல்டிங் கடைக்கு எடுத்துப்போக வண்டி கொண்டுவருகிறேன் என்று அவர் போன நேரத்தில் நான் உள்ளே டீ போட்டுவிட்டு வெளியே வந்தால், உன் நைனா கம்பை ஓரமாக வைத்துவிட்டு அந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். தரையில் கிடக்கும் சீட்டில், வலது முழங்கையை இல்லாத ஜன்னல்மேல் வைப்பதுபோல் தூக்கி வைத்துக்கொண்டு. முருகையன் வந்தும் எழுந்திருக்கவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன், அப்போதுதான் உறைத்தது. சீட்டு எனக்குத் தோதாக நிமிர்ந்துவிட்டால் இனி அவர் ஓட்டப்போவதில்லை என்று முடிவாகிவிடும் அல்லவா, அதற்குத்தான் இந்த மனுஷன் இத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறார். அது தெரியாமல் நான் கோணியையும் எலியையும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு அவரே கம்பைக் கேட்டு வாங்கி எழுந்தார். முருகையனிடம், 'எடுத்துனு போப்பா. நல்லா பத்த வெக்கச் சொல்லு. இவ விழுந்துட்டா என்னை யாரு இட்டுனு போவா' என்றார்.

வெல்டிங் கடையில் உறையையும் ஸ்பாஞ்சையும் பிரித்துப் பார்த்தால் கதவுப் பக்கம் சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புக் குழாய் விரிசல் விட்டுக் கிடந்ததாம், அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கும் உட்கார்ந்துவிட்டதாம். குழாயை நிமிர்த்தி இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்து, புது ஸ்பிரிங்கும் ஸ்பாஞ்சும் போட்டுக் கொடுத்தார்கள். மாட்டியதும் நான் உட்கார்ந்து பார்த்தேன், ரோடு முழுசாகத் தெரிகிறது, பிரேக்கை மிதித்தால் நான் இருந்த இடத்தில் இருக்கிறேன். மறுநாள் காலையில் 'எங்க போலாம்' என்று கேட்டேன். 'கமிட்டிக்கு' என்றார். நெல்லும் கடலையும் ஏலம் போகிற அந்த இடத்தை விட்டால் அவருக்கு வேறு ஊர் ஏது?

இடதுபக்கக் கதவைத் திறந்து, நன்றாக இருக்கும் வலது காலை முதலில் உள்ளே வைத்து, யார் கையையும் பிடிக்காமல் ஏறிக்கொண்டார். ஊர் எல்லை தாண்டவில்லை, நெளிய ஆரம்பித்துவிட்டார். 'இன்னாமே இது, கதவுப் பக்கமே தள்ளுது' என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்சீட்டை மடித்துக் கடலை மூட்டை ஏற்றினீர்களே, அன்றிலிருந்து அது அப்படித்தான், உங்களுக்கு இன்றைக்குத்தான் அதில் உட்கார நேரம் வந்தது என்றேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபித்துக்கொண்டார், காலையிலேயே வாயை விட்டுவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டு ஓட்டினேன். கமிட்டி வாசலில் நிறுத்தியதும் அவருடைய கூட்டாளி நெடுமாறன் ஓடிவந்தார், இன்னும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். உன் நைனா உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'இந்தப் பக்கத்து சீட்டையும் கழட்டணும்யா. என் வூட்டுக்காரி இத்தினி வருசமா கோணலாவே உக்காந்துனு வந்துருக்குறா, ஒரு வார்த்த சொல்லல, நானும் கேக்கல' என்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

இப்போது அந்தச் சீட்டும் நேராகிவிட்டது. வாரம் தவறாமல் கமிட்டிக்குப் போகிறோம், கியரை மாற்று, ஹாரன் அடி என்று வழியெல்லாம் என் உயிரை வாங்குகிறார், நேற்றுக் குழம்பில் உப்பு இல்லை என்று கத்தவும் கத்தினார். அதனால் காரை விற்றுவிடு என்று இனிமேல் நீ போனில் ஆரம்பிக்காதே. வேப்பமரத்தடிச் சங்கதி உனக்குத் தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்ளவும் கூடாது, ஞாபகம் இருக்கட்டும். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், மனம் கோணாமல், நீண்ட நாள் நன்றாக வாழவேண்டும் என்று உன் நைனாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். பொங்கலுக்கு வரும்போது ஏர்போர்ட்டுக்கு நாங்களே காரில் வருகிறோம். முன்சீட்டில் ஏறலாம் என்று நினைக்காதே, ரெண்டிலும் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
ராஜாம்பாள்