மேல் மூலையில் மடங்கிய ரப்பர்

ரிஸ்பெக், நான் வரும்வரை லாரியை எடுக்காதீர்கள்.

நேற்று முன்கண்ணாடி மாட்டும்போது நான் வெளியிலிருந்து அழுத்த, நீங்கள் உள்ளிருந்து ரப்பர் விளிம்பில் செருகிய கயிற்றை இழுத்தீர்கள். "மெதுவா இழுங்க"ன்னேன். "உனக்கென்னடி தெரியும்?"னு கத்தினீர்கள். கோபத்தில் இழுத்ததில் உங்கள் பக்க மேல் மூலையில் ரப்பர் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. காலையில் விரலால் தொட்டேன், கண்ணாடி அசைகிறது. நீங்கள் போகும் மலைக் கணவாய்க் காற்றில் அது உங்கள் முகத்திலேயே வந்து விழும்.

மெக்கானிக் ஜோல்தோஷைக் கூட்டிவரப் போகிறேன். ரொட்டி துணிக்குள் இருக்கிறது. ஆட்டு வியாபாரி வந்தால், "ஆடுகளை நாளைக்குத்தான் ஏத்துவோம்"னு சொல்லிவிடுங்கள்.

சாய்ரா

சாவியை எடுத்துப்போக நினைத்தேன். மனம் வரவில்லை, ஆணியிலேயே விட்டிருக்கிறேன். திரும்பி வரும்போது லாரி வாசலில் நிற்க வேண்டும்.