மாசி வீதிச் சந்தில் போட்ட போர்

12 மே, திங்கள்

சொல்லாமல் விட்டது: இது தண்ணீருக்கான போர் இல்லை.

காலையிலேயே அனல். உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றபடி. மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. மெட்ரோ சுரங்கம் இதன் அடியில்தான் போகும் என்கிறது வரைபடம். கீழே மண்ணா, பாறையா என்று துளைபோட்டுப் பார்க்க வேண்டும். மாதிரிகளைக் குறித்துவைப்பது என் வேலை.

எதிர்வீட்டு செல்வி அக்கா இடுப்பில் குடத்தோடு வந்தார். இயந்திரம் ஓட்டும் காசி அண்ணனிடம், "என்ன தம்பி, போரா?"

"ஆமாக்கா, போருதான்."

பொய் இல்லை. எங்கள் ஆட்களும் இந்தச் சோதனைத் துளையைப் போர் என்றுதான் சொல்கிறார்கள். தார்ப்பாய் கட்ட அக்கா தன் ஜன்னல் கம்பியைக் காட்டினார். மோர் கொடுத்தார். அதை வாங்கும்போதாவது சொல்லியிருக்கலாம். அசதி.

13 மே, செவ்வாய்

மேகம் மட்டும். கால் வீக்கம். மதியம் தண்ணீர் கண்டது, பாறைக்கு மேலேயே. அவ்வளவுதான், இயந்திரத்துக்கு மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். காசி அண்ணன் நெற்றியிலும் ஒரு பொட்டு. சந்து முழுக்கக் குடங்கள்.

"எம்புட்டு அடி மாப்ள?"

"இனி அந்தத் தண்ணி லாரிக்காரன் மூஞ்சில முழிக்க வேணாம்டி!"

அப்போதுதான் சொன்னேன். மெட்ரோவுக்கான மண் சோதனை, நாளை மூடிவிடுவோம் என்று.

"படிச்ச புள்ள வெளாடுது," என்றார் ஒருவர். செல்வி அக்கா சிரிக்கவில்லை.

"ஒங்க சோலி முடிஞ்சிருச்சில்ல? மூடாமப் போங்க. நாங்க அடிபம்பு வச்சுக்கிறோம்."

மூடாத துளை இருந்தால், சுரங்கம் தோண்டும்போது அது வழியாகத் தண்ணீரும் மண்ணும் உள்ளே பாயும் என்றேன்.

"எப்பத் தோண்டுவாக?"

"தெரியாதுக்கா."

"வராத ரயிலுக்கு, வந்த தண்ணிய மூடுவியா பாப்பா?"

பெரிய பொறியாளருக்குப் போன். "இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா? மூடிட்டு போட்டோ அனுப்பு."

திரும்பும் பஸ்ஸில் புத்தகம். ஒரே பக்கம், திரும்பத் திரும்ப.

14 மே, புதன்

வெயில். சிமெண்ட், தண்ணீர், கலக்கும் டிரம், போட்டோவுக்கு போனில் சார்ஜ். எல்லாம் இருந்தது.

"ஒரு கொடமாச்சும் எடுத்துக் குடுங்க தம்பி," என்றார் அக்கா. காசி அண்ணன் கயிற்றில் குழாய்த் துண்டைக் கட்டி இறக்கி இறக்கி எடுத்தார். செம்மண் நிறம்.

"குடிச்சிராதீங்கக்கா, வயித்துக்குள்ள சுரங்கம் தோண்டிரும்," என்றேன்.

"தெளிஞ்சா ஆகும். நீ ஒன் வேலையப் பாரு."

குடம் நிரம்பிய பிறகு சிமெண்ட் கரைசலை ஊற்றினோம். துளை குடித்துக்கொண்டே இருந்தது. தார்ப்பாய்க் கயிற்றை அக்காவே அவிழ்த்துக் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

4 ஜூலை, வெள்ளி

தூறல். ஆபீஸில் புது வரைபடம் வந்தது. தடம் மாறிவிட்டது. சுரங்கம் அந்தச் சந்து வழியாகப் போகவில்லை.